கோரல் ஃபைலைத் தேட எது தேவலை: விண்டோஸ் தேடலா, எவ்ரிதிங்கா?

ஆடி பிறந்துவிட்டால் சேலம் செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை பக்கத்து டிடிபி கடைகளில் ஒரே பேச்சுதான்: "போன வருஷம் அடிச்ச அதே டிசைன்தாங்ணா, தேதியும் உபயதாரர் பேரும் மட்டும் மாத்திக் குடுங்க." அந்த டிசைன், கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் செய்த ஃபைலாக, டி டிரைவில் எங்கேயோ இருக்கும். பெயர்தான் 'நியூ', 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்' என்று கிடக்கும்.

உள்ளே இருக்கும் எழுத்தை வைத்துத் தேடலாமே என்பார்கள். நம் தொழிலில் அது எடுபடாது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது திரையில்தான் தமிழ். ஃபைலுக்குள் கிடப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகள். 'மாரியம்மன்' என்று யூனிகோடில் தேடினால் ஒன்றும் சிக்காது. பிரிண்டுக்கு அனுப்பும் முன் கர்வ் ஆக்கிவிட்ட, அதாவது எழுத்தைப் படமாக மாற்றிவிட்ட ஃபைலில் எழுத்தே கிடையாது, வெறும் கோடுதான். ஆகவே பெயரில் நினைவிருக்கும் ஒரு துண்டு, ஃபைல் வகை (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்), வருஷம் ஆகிய மூன்றை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அதில் ஃபைல் வகை ஒன்றுதான் பொய் சொல்லாதது.

விண்டோஸ் தேடலில் இதற்கு வழி இருக்கிறது. தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் எக்ஸ்ட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, புள்ளி சிடிஆர் என்று போட்டால் கோரல் ஃபைல் மட்டும் வரும். பேஜ்மேக்கர் பழைய வேலையும் வேண்டுமென்றால் நடுவே 'அல்லது' என்பதற்கான ஆங்கிலச் சொல் 'ஆர்' என்பதைப் பெரிய எழுத்தில் போட்டு பிஎம்டி, பி65 இரண்டையும் சேர்க்கலாம். சிக்கல் வேறிடத்தில். விண்டோஸ் வழக்கமாக இண்டெக்ஸ் செய்வது, அதாவது முன்கூட்டியே பட்டியல் எடுத்து வைப்பது, டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மாதிரி ஃபோல்டர்களைத்தான். டி டிரைவ் அந்தக் கணக்கில் வராது. அங்கே தேடினால் மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும். கவுண்டரில் நிற்பவர் டீ குடித்துவிட்டே வந்துவிடுவார். டி டிரைவை இண்டெக்ஸில் சேர்த்தால் வேகம் வரும். ஆனால் பழைய மெஷினில் இண்டெக்ஸ் முடியும்வரை ஹார்ட் டிஸ்க் இரைந்துகொண்டிருக்கும், கோரல் திணறும்.

எவ்ரிதிங் வேறு ரகம். வாய்ட்டூல்ஸ் வெளியிடும் இலவச மென்பொருள். ஃபோல்டர் ஃபோல்டராக ஏறி இறங்காமல், என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட்) டிரைவ் தானே வைத்திருக்கும் ஃபைல் பட்டியலைப் படித்துக்கொள்கிறது. அதனால் எழுத்தை அடிக்க அடிக்க விடை வந்து நிற்கும். வகை குறிப்பதும் சுலபம்: எக்ஸ்ட், முக்காற்புள்ளி, பிறகு சிடிஆர், பிஎம்டி, பிஎஸ்டி என்று அரைப்புள்ளி வைத்து அடுக்கினால் போதும். கூடவே டிஎம், முக்காற்புள்ளி, 2024 என்று சேர்த்தால் அந்த வருஷம் கடைசியாகக் கைவைத்த ஃபைல்கள் மட்டும் மிஞ்சும். இதையே ஒரு ஃபில்டராகச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். எவ்ரிதிங்கோடு வரும் 'பிக்சர்' ஃபில்டரை நம்ப வேண்டாம், கோரல் ஃபைல் அதில் அடங்காது.

இன்னொரு தொல்லை கோரல் தானே போடும் பேக்கப். சேமிக்கும்போதெல்லாம் 'பேக்கப் ஆஃப்' என்ற முன்னொட்டோடு இன்னொரு சிடிஆர் உருவாகும். வகையை மட்டும் குறித்தால் ஒவ்வொரு வேலையும் இரண்டிரண்டாக வந்து கண்ணைக் கட்டும். எவ்ரிதிங்கில் பேக்கப் என்ற சொல்லுக்கு முன் ஆச்சரியக் குறி போட்டால் அவை மறைந்துவிடும். விண்டோஸில் பெரிய எழுத்தில் 'நாட்' போட வேண்டும். அசல் ஃபைல் திறக்காமல் போகும் நாளில் அந்தப் பேக்கப்தான் காப்பாற்றும். அதனால் மறைத்தால் போதும், அழித்துவிடாதீர்கள்.

கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் டிர் கட்டளை கொடுத்துத் தேடும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். மென்பொருள் எதுவும் போட முடியாத மெஷினில் அது கைகொடுக்கும். ஆனால் நட்சத்திரக் குறி, புள்ளி, டாக் என்று கேட்டால் டாக்எக்ஸ் ஃபைலும் சேர்ந்து வரும். பல டிரைவுகளில் விண்டோஸ் பின்னணியில் வைத்திருக்கும் சுருக்கப் பெயரில் மூன்றெழுத்துதான் இருக்கும், அதோடும் ஒப்பிட்டுவிடுகிறது.

ஆக, டிசைன் மெஷினுக்கு எவ்ரிதிங்தான் என் கட்சி. பில், கொட்டேஷன் போடும் மெஷினில் மட்டும் விண்டோஸ் தேடலை விடமாட்டேன். அங்கே வேர்டும் பிடிஎஃபும் யூனிகோடில் இருக்கும், ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு ஃபைலுக்குள்ளேயே தேட வேண்டியிருக்கும். எவ்ரிதிங் வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்துத்தான் உள்ளடக்கத்தைத் தேடும், நேரம் பிடிக்கும். விண்டோஸின் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட், ஃபைல் டைப்ஸ் என்று போய், வேர்டுக்கும் பிடிஎஃபுக்கும் மட்டும் உள்ளடக்கத்தோடு இண்டெக்ஸ் செய்யச் சொல்லிவிட்டு, மற்றதில் டிக்கை எடுத்துவிட்டால் பழைய மெஷின்கூட ஓரளவு தாங்கும்.

எவ்ரிதிங் போடுகிறவர்கள் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்த பென் டிரைவும் வெளி டிஸ்க்கும் தானாகப் பட்டியலில் வராது, ஆப்ஷன்ஸில் ஃபோல்டராகச் சேர்க்க வேண்டும். அடுத்தது, ஒரே மெஷினில் தனித்தனி லாகின் வைத்திருந்தாலும் எல்லாருடைய ஃபைல் பெயரும் அதில் தெரியும். திறக்க முடியாதுதான், ஆனால் சம்பளக் கணக்கு ஃபைலுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.