பில்லுக்கு 4 ஸ்டார், பாஸ்வேர்ட் பாலிசிக்கு இரண்டரை

எங்கள் அலுவலகக் கணக்கு மென்பொருளில் பில் போடுவது, ஸ்டாக் பார்ப்பது எல்லாம் நன்றாகவே நடக்கிறது. நான் எழுத வந்தது, அட்மின் பக்கத்தில் நான்கு தட்டு தட்டி உள்ளே போனால் வரும் 'பாஸ்வேர்ட் பாலிசி' திரையைப் பற்றி. 43 பேருக்கு அதை அமைத்துக் கொடுத்து, ஒன்றரை வருடமாகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். அந்தத் தகுதி போதும்.

கூடவே வரும் டீஃபால்ட்: 8 எழுத்து, அதில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி. 90 நாளில் காலாவதி. கடைசி 5 பாஸ்வேர்டுகள் மறுபடி கூடாது. 3 முறை தவறினால் லாக். பார்க்கக் கறாராக இருக்கிறதே என்று நம்பி, அப்படியே சேவ் கொடுத்தேன்.

ஒரு வருடம் கழித்து ஸ்டோரிலிருந்து ஒரு போன். "சார், உள்ள போக முடியல. நான் இப்ப நாலுல இருக்கேனா, அஞ்சுலயா?" முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது: பாஸ்வேர்ட் அதேதான், கடைசி எண் மட்டும் 90 நாளுக்கு ஒருமுறை ஒன்று கூடுகிறது. சரி, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவைத் திறந்தால், ஒருவர் 11:02 முதல் 11:09 வரை ஆறு முறை மாற்றியிருக்கிறார். ஐந்து புதியவை; ஆறாவது பழையதேதான் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வித்தையைத் தடுக்கத்தான் விண்டோஸில் பாஸ்வேர்டுக்குக் 'குறைந்தபட்ச வயது' வைக்க முடியும்; அதாவது, ஒருமுறை மாற்றினால் இத்தனை நாளுக்கு மறுபடி மாற்ற முடியாது. இதில் அது கிடையாது. ஆறு முறை மாற்றியவர் எங்கள் மேலாளர் என்பதால் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த விதிகளுக்கு ஒரு பழைய கதை உண்டு. 2004-ல் அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி வெளியிட்ட வழிகாட்டியில் இப்படியான அறிவுரைகளை எழுதிய பில் பர் என்பவர், 2017-ல் ஒரு பேட்டியில் அதற்காக வருத்தப்பட்டார். அதே ஆண்டு, திருடு போன அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று என்ஐஎஸ்டியே எழுதிவிட்டது. 2019-ல் மைக்ரோசாஃப்ட்டும் தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து காலாவதியை எடுத்தது. எங்கள் மென்பொருளுக்கு மட்டும் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

3 முறையில் லாக் என்பது அதைவிடத் தலைவலி. இரவில் தானாக ரிப்போர்ட் எடுக்கும் கணக்கின் பாஸ்வேர்ட் காலாவதியானதும் அது மூன்று முறை முட்டிப் பார்த்துப் பூட்டிக்கொண்டது. காலையில் யாருக்கும் ரிப்போர்ட் இல்லை. இன்னொன்று, யூசர் பெயர் தெரிந்த யாரும் வேண்டுமென்றே மூன்று முறை தப்பாக அடித்து முதலாளியையே வெளியே நிறுத்தலாம். 10 முறை, ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு கூடும் என்று மாற்ற இடம் இருக்கிறது; மாற்றிவிட்டேன்.

பாராட்டவும் விஷயம் உண்டு. தடை செய்த சொற்களின் பட்டியலை நாமே ஏற்றலாம். நிறுவனத்தின் பெயர், '123456' எல்லாம் போட்டேன். அதில் உள்ளதை ஒருவர் அடித்தால், 'செல்லாது' என்று மொட்டையாகத் தள்ளாமல் காரணத்தையும் சொல்கிறது. பொறுப்புக்குத் தக்கபடி தனித்தனி பாலிசியும் வைக்கலாம். அட்மின்களுக்கும் பணம் அனுப்புகிறவர்களுக்கும் மட்டும் ஓடிபி கட்டாயமாக்கினேன்.

இப்போது காலாவதி இல்லை, குறி கட்டாயமில்லை, குறைந்தது 15 எழுத்து. நான்கைந்து சொல்லைச் சேர்த்து எழுதுங்கள் என்றதும் எல்லோரும் உற்சாகமாக நீளநீளமாக வைத்தார்கள். கணினியில் வேலை செய்தது. மொபைல் செயலியின் லாகின் பெட்டியோ 20 எழுத்துக்கு மேல் வாங்குவதில்லை. மிச்சத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு 'பாஸ்வேர்ட் தவறு' என்கிறது. புகார் கொடுத்தேன். 'கோரிக்கை பதிவு செய்யப்பட்டது' என்று பதில் வந்து ஐந்து மாதம் ஆகிறது. அதுவரைக்கும் '15-க்குக் குறையக் கூடாது, 20-ஐத் தாண்டவும் கூடாது' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.