மரவள்ளி உழவர்களுக்கான விரிவாக்கப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

சிறு நிலத்தில் மரவள்ளி பயிரிடுவோருக்காக நடத்தப்படும் விரிவாக்கப் பயிற்சி (வேளாண் அறிவை உழவர்களிடம் கொண்டுசேர்க்கும் பயிற்சி) ஒன்றில், நடவு முதல் அறுவடை வரை ஒரு பருவம் முழுவதும் பங்கேற்றேன். கண்ணும் கையும் இருந்தாலே செய்யக்கூடியவற்றைக் கற்றுத்தரும் இடங்களில் இப்பயிற்சி மிகவும் பயனுள்ளது. கைக்காசு தேவைப்படும் பரிந்துரைகளுக்கு வரும்போது அது குறிப்பேட்டைத் தாண்டுவதில்லை என்பதே என் மதிப்பீடு.

நடுவதற்காக வெட்டும் தண்டுத் துண்டான விதைக்கரணையைத் தேர்ந்தெடுப்பது பற்றி வயலிலேயே நடந்த வகுப்பு ஒன்றுக்காகவே இப்பயிற்சியில் சேரலாம். மரவள்ளி இலைகளைத் தாக்கும் தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது என்பதைப் பலரும் அறிவர். ஆனால், நோயுற்ற தண்டிலிருந்து வெட்டிய கரணையும் அந்நோயை அடுத்த பருவத்துக்கும் அடுத்தவர் வயலுக்கும் எடுத்துச் செல்கிறது என்பது, மஞ்சள் திட்டுகளோடு சுருங்கிக் கிடந்த இலைகளைப் பயிற்றுநர் தொட்டுக் காட்டி விளக்கியபோதுதான் எல்லோர் மனத்திலும் பதிந்தது. அறுவடைக்குப் பின் குவித்த தண்டுகளைப் பார்த்து நோயுற்றது எது, நலமானது எது என்று பிரித்தறிவது அரிது. ஆகவே இலை செழித்திருக்கும் மாதங்களிலேயே நல்ல செடிகளுக்குத் துணிக்கீற்று கட்டி அடையாளமிட்டு வைக்க வேண்டும். 8 முதல் 12 மாதம் முதிர்ந்த தண்டில், இளசான நுனியை விலக்கி, நடுப்பகுதியிலிருந்து 20 முதல் 25 செ.மீ. நீளத்துக்கு, 5 கணுக்களுக்குக் குறையாமல் கரணை வெட்ட வேண்டும். பட்டையைக் கீறியதும் பால் கசிந்தால் அதில் உயிர்ப்பு இருக்கிறது என்று கொள்ளலாம். இவை எதற்கும் காசு செலவில்லை என்பதால், கேட்டவர்கள் அதே பருவத்திலேயே செய்து பார்த்தார்கள்.

நட்ட முதல் மூன்று மாதங்களில் களை மண்டவிடக் கூடாது என்பதும் தெளிவாகவே சொல்லப்பட்டது. உரப் பரிந்துரைதான் ஏமாற்றம் அளித்தது. மரவள்ளி மண்ணிலிருந்து சாம்பல் சத்தை (பொட்டாசியத்தை) மிகுதியாக எடுத்துக்கொள்ளும் பயிர் என்பது உண்மைதான்; எனினும் மண்ணைச் சோதிக்காமல் எல்லோருக்கும் ஒரே அளவைச் சொன்னதும், முழு அளவு வாங்க இயலாதவர் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்று சொல்லாமல் விட்டதும் பெருங்குறைகள்.

செடியின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சி பற்றிய உரை மருந்துத் தெளிப்பைச் சுற்றியே நின்றது எனக்கு வருத்தம் தந்தது. ஆப்பிரிக்க மரவள்ளி வயல்களை மாவுப்பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, அதன் தாயகமான தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அனாகிரஸ் லோபெசி என்னும் சிறு குளவி 1981இல் நைஜீரியாவில் விடப்பட்டு, பின்னர் பல நாடுகளுக்குப் பரவி அப்பூச்சியை அடக்கியது. மரவள்ளி உழவர்கள் அவசியம் கேட்க வேண்டிய வரலாறு இது. நன்மை செய்யும் பூச்சிகளைத் தெளிப்பு மருந்து கொன்றுவிடும் என்ற எச்சரிக்கையையும் அதனோடு சேர்த்தே சொல்லியிருக்கலாம்.

அறுவடைக்குப் பிந்தைய பகுதியை அவசரமாக முடித்துவிட்டார்கள். தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களிலேயே உள்ளே கருத்துக் கெடத் தொடங்கும். கசப்பு வகைகளில் உள்ள சயனைடு நச்சு, ஊறவைத்தும் துருவிப் பிழிந்தும் உலர்த்தியும் பக்குவமாக நீக்கப்படாவிட்டால் உயிருக்கே கேடாகும். பல நாடுகளில் இவ்வேலையைச் செய்பவர்கள் பெண்கள். வகுப்பிலோ அவர்கள் மிகச் சிலரே இருந்தார்கள். சமையல் நேரத்தில் கூட்டம் வைத்தால் வேறெப்படி இருக்கும்? 1989இல் இந்தோனேசியாவில் நெல்லுக்காகத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி முறையில், உழவர்கள் பருவம் முழுதும் தவறாமல் வயலில் கூடி, தாங்களே கவனித்து முடிவெடுக்கிறார்கள். கரணை வகுப்பில் மட்டுமே காணப்பட்ட அந்த முறையை இப்பயிற்சி முழுவதற்கும் விரிவாக்கலாம்.

சேர விரும்புவோர், தங்கள் வயலில் இலை நிற்கும் காலத்தில் தொடங்கும் பயிற்சியாகப் பார்த்துச் சேருங்கள். அறுவடைக்குப் பின் சேர்ந்தால் செடிகளை அடையாளமிட அடுத்த பயிர் வளரும் வரை காத்திருக்க நேரும். நோயற்ற கரணை தருவார்களா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு செடியிலிருந்து ஏறத்தாழ 10 கரணைகளே கிடைக்கும் என்பதால், வயல் முழுவதும் தேமல் பிடித்தவருக்கு வெளியிலிருந்து நல்ல கரணை வந்தாலொழிய இப்பயிற்சியால் பெரிய பயன் இராது.