டிசைனுக்குத் தனி பில் போடும் போர்டு கடை

கடைக்குப் பெயர்ப் பலகை செய்யக் கொட்டேஷன் கேட்டால் பெரும்பாலும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், டிசைன் இலவசம் என்பார்கள். நான் வேலை கொடுத்த சின்னக் கடையில் டிசைன், மெட்டீரியல், தயாரிப்பு, மாட்டும் கூலி என்று தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். முதல் வரியைப் பார்த்ததும் பேரம் பேசத்தான் தோன்றியது. இப்போது போர்டு மேலே ஏறிவிட்டது, அந்த பில்லில் கொஞ்சமும் உறுத்தாத தொகை அதுதான்.

டிசைனர் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் நேரில் வந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து உயரம் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் ஒரு தோராயக் கணக்கு. 50 அடியிலிருந்து படிக்க வேண்டுமென்றால் 5 அங்குலம். நான் எழுதிக் கொடுத்த சேவைப் பட்டியல், மின்னஞ்சல் எல்லாம் அந்தக் கணக்குக்கு முன்னால் நிற்கவில்லை, பாதியை வெட்டிவிட்டார் (கொஞ்சம் வருத்தம்தான்).

லோகோ என்று நான் அனுப்பியது வாட்ஸப்பில் சுற்றிவந்த ஒரு ஜேபெக் படம். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும், வினைல் (ஸ்டிக்கர் ஷீட்) வெட்டும் பிளாட்டர் மெஷினுக்கு அது உதவவே உதவாது. அதனால் வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவமாக, புதிதாக வரைந்தார். படத்தின் ஓரத்தைப் பின்பற்றி சாஃப்ட்வேரே தானாக ட்ரேஸ் செய்யாதா என்று கேட்டேன். செய்யும், ஆனால் ஓரமெல்லாம் நெளியும் என்று பக்கத்தில் வைத்தே காட்டினார். தமிழ் எழுத்துக்கு வேலை இன்னும் அதிகம். மெல்லிய கோடு என்றால் உள்ளே எல்இடி உட்காராது, ஞ, ணை மாதிரி எழுத்துகளில் சுழி அடைத்துக்கொள்ளும், அக்ரிலிக்கில் வெட்டினால் மெய்யெழுத்துப் புள்ளி ஒவ்வொன்றும் தனித் துண்டாக வந்துவிழும், அதை எங்கே எப்படி ஒட்டுவது என்பதுவரை டிசைனிலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சதுர அடியில் எப்படி அளப்பது? வெறும் பெயர் மட்டும் உள்ள பெரிய போர்டை விட, லோகோ வரைய வேண்டிய சின்ன போர்டுக்குத்தான் நேரம் பிடிக்கிறது. இலவசம் என்று சொல்லும் இடத்திலும் யாரோ ஒருவர் அந்த நேரத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், அநேகமாக எளிய வேலை கொண்டுவருபவர். இங்கே எத்தனை மணி நேரம் ஆகும் என்று பார்த்து விலை சொல்கிறார்கள், இரண்டு முறை திருத்தம் அதற்குள் அடக்கம், அதற்கு மேல் தனி. அட்வான்ஸ் கொடுத்தால்தான் புரூஃப் (ஓகே வாங்கக் காட்டும் மாதிரிப் படம்), அதிலும் குறுக்கே அவர்கள் கடைப் பெயர் ஓடும். முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் புரூஃபை வாங்கிக்கொண்டு மலிவாக அடிக்கும் இன்னொரு இடத்துக்குப் போகிறவர்கள் இருக்கும்போது அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

குறையும் உண்டு. ஒரிஜினல் ஃபைல் வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்பதைக் கடைசியில்தான் சொன்னார்கள். கட்டணம் கேட்பது சரி, ஆனால் அது கொட்டேஷனிலேயே இருந்திருக்க வேண்டும். நிறத்தையும் ஃபோன் திரையில் காட்டியே ஓகே வாங்கப் பார்த்தார்கள். திரையில் தெரியும் சிவப்பும் வினைல் ரோலின் சிவப்பும் ஒன்றில்லை, துண்டு கேட்டு வாங்கிப் பாருங்கள். மாட்டும் வேலை சுமார், ஒயர் வெளியே தொங்கியது, சொன்ன பிறகு வந்து கிளிப் அடித்தார்கள்.

கையில் சுத்தமான வெக்டர் ஃபைல் வைத்திருப்பவர்கள் அதை முதலிலேயே காட்டிவிடுங்கள், டிசைன் வரியில் கணிசமாகக் குறைத்துத்தான் போடுகிறார்கள்.