டி.ஏ. சூப்பர்வைசர்: டாக்டரா, சமூகப் பணியாளரா, ஹெச்.ஆர். ஆளா?

மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகும் விதத்தை ஆராயும் உளவியல் முறையான ட்ரான்ஸாக்‌ஷனல் அனாலிசிஸ், சுருக்கமாக டி.ஏ., படிக்க வருகிறவர்கள் அதிகம் குழம்புவது பாடத்தில் அல்ல, யாரிடம் பயிற்சி ஒப்பந்தம் போடுவது என்பதில்தான். டி.ஏ. முறையில் வேலை செய்யத் தகுதி தரும் சிடிஏ சான்றிதழுக்கு 2000 மணி நேரக் கணக்கு காட்ட வேண்டும். அதில் ஆலோசனைக்கு வருகிறவர்களோடு 750, பயிற்சி 600, சூப்பர்விஷன், அதாவது நம் வேலையை மூத்தவரிடம் காட்டித் திருத்திக்கொள்வது, 150. வருடக்கணக்கில் ஒரே ஆளோடு ஓட்ட வேண்டிய வண்டி இது.

டி.ஏ.வை உருவாக்கிய எரிக் பெர்ன் மனநல மருத்துவர். ஆனால் அந்த வட்டத்தில் வளர்ந்த கிளாட் ஸ்டெய்னர் உளவியலாளர், மேரி கோல்டிங் சமூகப் பணியாளர், மியூரியல் ஜேம்ஸ் கிறிஸ்தவ போதகர். இந்தியாவிலும் 1970களில் கொச்சியிலிருந்து இதைப் பரப்பியவர் ஜார்ஜ் கண்டத்தில் என்ற பாதிரியார்தான். ஆகவே 'டாக்டர் இல்லையென்றால் அரைகுறை' என்ற பேச்சை விட்டுவிடலாம். பயிற்சியும் சூப்பர்விஷனும் தரத் தகுதியாக்கும் டிஎஸ்டிஏ பட்டத்துக்கு எல்லோருமே தேர்வாளர்கள் முன்னால் வகுப்பெடுத்து, சூப்பர்விஷனும் செய்து காட்டித்தான் ஆக வேண்டும். அடிப்படைத் தகுதி ஒன்றே. பழைய தொழில் கொடுத்த காதுதான் வேறு.

அந்தக் காதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன். பத்தாவது படிக்கும் பையனின் அம்மாவோடு நடந்த போன் உரையாடல் ஒன்றை, அவர் அனுமதியோடு பதிவு செய்து, மூன்று சூப்பர்வைசர்களிடம் தனித்தனியாகப் போட்டுக் காட்டினேன். (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.) மனநல மருத்துவர் முதலில் கேட்டது தூக்கம், சாப்பாடு, சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்பது. நிறுவனப் பயிற்சியிலிருந்து வந்தவர், "உங்களைக் கூப்பிட்டது அம்மாவா, ஸ்கூலா?" என்றார். நல்ல கேள்வி. டி.ஏ. எழுத்தாளர் ஃபானிடா இங்கிலிஷ் 1975-இல் எழுதிய மும்முனை ஒப்பந்தம், அதாவது கூப்பிட்டவர், வருகிறவர், நாம் என்று மூன்று தரப்பும் சேர்ந்த ஒப்பந்தம், இதைப் பற்றியதுதான். பள்ளியில் வேலை செய்கிறவர்களுக்கு அது அன்றாடப் பிரச்சினை.

மூன்றாமவர் மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்தவர். "அவன் படிச்சாப் போதுங்க" என்று அந்த அம்மா சொன்ன இடத்தில் பதிவை நிறுத்தி, இன்னொரு தடவை போடச் சொன்னார். "இந்த வரிக்கு மட்டும் ஏன் குரல் ஏறுது? பக்கத்துல யாரு?" பக்கத்து அறையில் மாமியார். வார்த்தை எனக்கு, சேதி மாமியாருக்கு. மறைமுகப் பரிமாற்றம் என்று பாடத்தில் படிப்பது கூட்டுக் குடும்பத்தில் இப்படித்தான் நடக்கிறது. நமக்குள் இருக்கும் பெற்றோர், பெரியவர், குழந்தை என்ற மூன்று மனநிலைகளைக் காட்டும் ஈகோ ஸ்டேட் வட்டங்களை யார் வேண்டுமானாலும் பலகையில் வரைந்து காட்டலாம். வீட்டில் வேறு யார் காதில் விழுகிறது என்று கேட்கும் பழக்கம் வீடு வீடாக ஏறி இறங்கியவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறேன். நம் ஊரில் ஆலோசனை பாதி போனில், அதுவும் தனி அறை இல்லாத வீட்டிலிருந்து நடக்கிறது. ஒப்பந்தம் அவரோடுதான் போட்டேன்.

சரி, மற்றவர்கள் எதற்கு? மருத்துவமனையில் வேலை பார்ப்பவர், மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு உள்ளவர்களைச் சந்திக்கிறவர் என்றால் மனநல மருத்துவரை விட வேண்டாம். அவரிடம் பட்டறைகளில் உட்கார்ந்திருக்கிறேனே தவிர, தொடர்ந்து சூப்பர்விஷன் எடுத்ததில்லை. அந்த வகை ஆட்களும் என்னிடம் அதிகம் வருவதில்லை. அதனால் இந்தப் பக்கம் என் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். ஹெச்.ஆர். பின்னணிக்காரர்கள் கணக்கு வழக்கில் கெட்டி, ஒப்பந்தத்தில் கறார். அழுகிற ஆளை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படி என்று சொல்லும் அளவுக்கு நான் பார்த்ததில்லை.

கையெழுத்துப் போடுமுன் அவர் எந்தத் துறையில் அங்கீகாரம் பெற்றவர் என்று பாருங்கள். மனநல சிகிச்சை, ஆலோசனை, கல்வி, நிறுவனம் என்று நான்கு உண்டு. உங்கள் துறையும் அவர் துறையும் ஒன்றாக இருப்பது முக்கியம். அப்புறம், சிடிஏ வாங்கிவிட்டால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. அதற்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும், சூப்பர்வைசர் டாக்டராகவே இருந்தாலும் அது தானாக வராது.