ஓ2-வோடு நாலு வருடம்

"உங்க கெர்னலை ஓ3-ல கம்பைல் பண்ணினா இன்னும் வேகமா ஓடுமா?" என்று நண்பர் ஒருவர் நேற்று கேட்டார். எழுதிய நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், வேகத்துக்காக அதை எவ்வளவு மாற்றியமைக்கலாம் என்று சொல்லும் படிகள்தான் ஓ0, ஓ2, ஓ3 எல்லாம்; ஓ0 என்றால் அநேகமாகக் கைவைக்காது. வாயைத் திறந்தால் திட்டத்தான் வரும் என்பதால் எழுதியே விடுகிறேன்.

நாலு வருடமாக வார இறுதிகளில் ஒரு குட்டி கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எழுதி வருகிறேன். ஓ0-வில் சமர்த்தாக பூட் ஆகும். முதன்முதலில் ஓ2 போட்ட அன்று திரை கறுப்பாக அப்படியே நின்றது. மூன்று இரவு போயிற்று. கடைசியில் கம்பைலர் உண்டாக்கிய அசெம்பிளியை (எந்திரக் கட்டளைகளை) பிரித்துப் பார்த்தால், நினைவகத்தை ஒரே மதிப்பால் நிரப்ப நான் எழுதிய மெம்செட் என்ற ஃபங்ஷனுக்குள் மெம்செட்டுக்கே ஓர் அழைப்பு! பைட் பைட்டாக நிரப்பும் சாதாரண ஃபார் லூப்தான் அங்கே இருந்தது. 'அட, இது மெம்செட் பார்க்கும் வேலையாச்சே' என்று கம்பைலர் லூப்பைத் தூக்கிவிட்டு மெம்செட்டைக் கூப்பிட்டிருக்கிறது. வழக்கமான சி நூலகம் இங்கே இல்லை என்று கம்பைலருக்குச் சொல்லும் ஃப்ரீஸ்டாண்டிங் ஃப்ளாக் கொடுத்திருந்தும் இந்தக் கூத்து.

சரி, நியாயமாகப் பேசுவோம். டைமர் இன்டரப்ட் (கடிகாரம் அவ்வப்போது குறுக்கிட்டு அனுப்பும் சமிக்ஞை) மாற்றும் மாறியை ஒரே ஒரு முறை வாசித்துவிட்டு லூப் முடிவில்லாமல் சுற்றியது இன்னொரு கதை. ஒவ்வொரு முறையும் புதிதாக வாசி என்று சொல்லும் வாலடைல் என்ற சொல்லை அதற்குப் போடாதது என் தப்பு. ஓ2-வில் திரை உருளும் வேகமோ கண்ணுக்கே தெரிகிறது. முதல் தடவை பார்த்தபோது சிரித்துவிட்டேன்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. லினக்ஸ் கெர்னல் 2.6.30-இல், மென்பொருளாலான நெட்வொர்க் இணைப்பைத் தரும் டன் (TUN) டிரைவரில் ஒரு பாயின்டர் (நினைவக முகவரி) வழியாக முதலில் வாசித்துவிட்டு, அப்புறம்தான் அது எதையும் சுட்டாத நல் (NULL) பாயின்டரா என்று சோதித்திருந்தார்கள். ஏற்கெனவே வாசித்தாயிற்று, ஆகவே நல் பாயின்டராக இருக்க வழியில்லை என்று ஜிசிசி கம்பைலர் அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. சி மொழியின் விதிப்படி குற்றம் நிரலுடையதுதான். ஆனால் சுழியம் முகவரியில் நினைவகத்தை மேப் செய்ய முடிந்தவருக்கு கணினி முழுவதையும் ஆளும் ரூட் அதிகாரமே கிடைத்தது. 2009-இல் வெளியே வந்த சமாச்சாரம் இது. அதே ஆண்டு, நல் சோதனைகளை நீக்காதே என்று சொல்லும் ஃப்ளாக், லினக்ஸை எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லும் மேக்ஃபைலில் ஏறியது. விதி கம்பைலர் பக்கம் இருக்கலாம். எனக்குக் கோபம் தீரவில்லை.

இப்போதெல்லாம் கம்பைலர் பதிப்பு மாறினால், பஸ்ஸில் வாங்கிய சில்லறையை எண்ணுவது போல அசெம்பிளியை ஒரு தடவை புரட்டிவிடுவேன்.

நண்பருக்கு என் பதில்: ஓ3 இருக்கட்டும், ஓ2-வே வேண்டாம், ஓ0-விலேயே நிம்மதியாக இருங்கள். நான் நேற்று ராத்திரி ஓ3 போட்டுப் பார்த்தேன். பூட் ஆகிவிட்டது. நம்பிக்கை வரவில்லை, அசெம்பிளியை இன்னும் திறக்கவில்லை.