61 நாள், 14 விசைப்படகு: ஓஆர்-டூல்ஸின் சிபி-சாட் கருவியோடு ஒரு தடைக்காலம்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்கு அருகில் என் உறவினர் நடத்தும் படகுப் பழுதுபார்க்கும் தளத்துக்கு இவ்வாண்டு வேலை அட்டவணை போட்டுத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்கு நான் எடுத்துக்கொண்டது, கூகுள் வெளியிட்டிருக்கும் ஓஆர்-டூல்ஸ் என்னும் திறமூலத் தொகுப்பில் உள்ள சிபி-சாட் கருவி; நாம் தரும் விதிகளுக்குப் பொருந்தும் தீர்வைத் தேடித் தரும் நிரல் அது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. 2017இல் 45 நாளிலிருந்து 61 நாளாக நீட்டிக்கப்பட்ட அந்த மீன்பிடித் தடைக்காலத்துக்குள் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பலகை மாற்றி, பலகை இடுக்குகளில் நீர் புகாதபடி கலப்பத்து அடைத்து, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, பெயிண்ட் அடித்து மறுபடியும் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும். வந்த படகுகள் 14. இழுத்தேற்ற இருப்பது ஒரே வின்ச். ஒரே நேரத்தில் ஆறு படகுகளுக்குத்தான் இடம். படகுத் தச்சர்களான ஓடாவிகள் மூவர், மெக்கானிக்குகள் இருவர்.

எந்தப் படகை முதலில் ஏற்றுவது என்ற வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 8,717 கோடிக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பது இக்கருவி பின்பற்றும் கட்டுப்பாட்டு நிரலாக்கத்தின் வழியன்று. எப்படிச் செய்வது என்று நாம் சொல்வதில்லை. எவை மீறப்படக் கூடாது என்பதை மட்டும் எழுதித் தருகிறோம். ஒரு படகின் பெயிண்ட் வேலைக்கு மூன்று நாள் வேண்டும், அது 58ஆம் நாளுக்குள் முடிய வேண்டும் என்றால், 56ஆம் நாளுக்குப் பிறகு தொடங்கும் எல்லா வாய்ப்புகளையும் கருவி உடனே அடித்துவிடுகிறது. அதனால் அதற்கு முந்தைய கலப்பத்து வேலையின் நாள்களும் சுருங்குகின்றன. தேடும்போது ஒரு முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டால், மாட்டியதற்கான காரணத்தைப் புதிய விதியாகக் குறித்துக்கொண்டு, அதே பிழையை மறுபடி செய்யாமல் திரும்புகிறது. பெயரில் உள்ள 'சாட்' என்பது 'சாட்டிஸ்ஃபையபிலிட்டி', அதாவது எல்லா விதிகளையும் ஒருசேர நிறைவேற்ற முடியுமா என்ற கேள்வி; இந்தக் கற்றல் அக்கேள்வியைத் தீர்க்கும் கருவிகளிடமிருந்து வந்தது. இத்தகைய கருவிகளுக்காக உலக அளவில் ஆண்டுதோறும் நடக்கும் மினிசிங்க் போட்டியில் இக்கருவி பலமுறை தங்கப் பதக்கம் பெற்றிருப்பதில் எனக்கு வியப்பில்லை.

பைத்தான் நிரல்மொழியில் எழுதுவது எளிதாகவே இருந்தது. ஒவ்வொரு வேலையும் தொடக்கம், நீளம், முடிவு கொண்ட ஓர் இடைவெளி. வின்ச்சுக்கு 'நோ ஓவர்லாப்' (ஒரு நேரத்தில் ஒரே வேலை), மூன்று ஓடாவிகளுக்கும் ஆறு இடங்களுக்கும் 'க்யூமுலேட்டிவ்' (ஒரே நேரத்து வேலைகளின் கூட்டுத்தேவை அளவைத் தாண்டக் கூடாது) என்று சொல்லிவிட்டால் பெரும்பகுதி முடிந்துவிடும். அண்ணன் தம்பி இருவரின் படகுகள் ஒரே நாளில்தான் இறங்க வேண்டும் என்று வீட்டார் பிடிவாதமாக இருந்தார்கள். அது ஒரே வரியில் அடங்கிற்று. ஆனால் இக்கருவிக்கு முழு எண்கள் மட்டுமே தெரியும். ஒன்றரை நாள் வேலை என்று எழுத இடமில்லை. ஆகவே நாளை இரண்டாக வெட்டி, 61 நாளை 122 அரைநாள்களாக எண்ணினேன்.

முதல் இரண்டு மாலைகள் வீணாயின, தவறு என்னுடையது. ஓடாவிகள் தங்கச்சிமடத்துக்காரர்கள், ஞாயிறு கோயிலுக்குப் போவதால் அன்று வேலை இல்லை என்று எழுதியிருந்தேன். ஒரு விநாடிக்குள் 'இன்ஃபீசிபிள்' என்று விடை வந்தது, அதாவது தீர்வே கிடையாது. படகுகளைக் குறைத்தேன், இடத்தைக் கூட்டினேன், அதே விடைதான். எட்டு நாள் பலகை வேலையை ஒரே தொடர்ச்சியான இடைவெளியாக நான் எழுதியிருந்ததே காரணம். எந்த எட்டு நாளை எடுத்தாலும் நடுவில் ஒரு ஞாயிறு வந்தே தீரும் அல்லவா? வேலையைத் துண்டுகளாகப் பிரித்ததும் பூட்டுத் திறந்தது. முடியாது என்று சொல்லும் கருவி ஏன் முடியாது என்பதைத் தானாகச் சொல்வதில்லை. சந்தேகப்படும் விதிகளுக்கு ஆளுக்கொரு சாவி மாட்டி, எந்தச் சாவிகள் சேர்ந்து சிக்கலை உண்டாக்குகின்றன என்று கேட்கும் வசதி உண்டு. புதிதாகத் தொடங்குவோர் அதை முதல் நாளே கற்றுக்கொள்வது நல்லது.

பிறகு என் பழைய மடிக்கணினியில் சில விநாடிகளில் ஓர் அட்டவணை வந்தது. கடைசிப் படகு 59ஆம் நாள் இறங்கும் என்றது. ஆறு நிமிடத்தில் அது 55 ஆயிற்று. அதோடு 55க்குக் கீழே போக வழியே இல்லை என்ற சான்றும் கிடைத்தது. நான் இக்கருவியை மதிப்பது இந்தச் சான்றுக்காகத்தான். இன்னும் கொஞ்சம் கசக்கினால் ஒரு நாள் மிச்சமாகுமோ என்ற ஏக்கம் தீர்ந்துவிடுகிறது.

அச்சிட்ட தாளை மூத்த ஓடாவியிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தவர், "எல்லாம் சரிதான் தம்பி, கலப்பத்து அடைச்ச மறுநாளே பெயிண்ட் போட்டிருக்கியே, காய வேண்டாமா?" என்றார். நாற்பது ஆண்டாக அவர் கையில் இருந்த விதி. எவரும் எழுதி வைத்ததில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு நாள் காயும் இடைவெளியைச் சேர்த்ததும் 55 என்பது 58 ஆயிற்று.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இக்கருவி பயன்படாது. பொத்தானை அழுத்தி அட்டவணை எடுக்கும் செயலி அன்று இது. விதிகளைக் கணக்குப் போலவே எழுத விரும்புவோர், மோனாஷ் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த மினிசிங்க் மொழியைப் பார்க்கலாம். அதன் அடியில் இதே கருவியை ஓடவிடவும் முடியும். நான்கைந்து படகுகள் மட்டும் வரும் தளத்துக்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

மே மாத நடுவில் ஓர் எஞ்சினுக்கு வேண்டிய உதிரிபாகம் வரத் தாமதமாயிற்று. முடிந்த வேலைகளை நிலைநிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டால், கருவி மீதி அட்டவணை முழுவதையும் புரட்டிப்போட்டது. எண்ணின் கணக்கில் அதுவும் சரிதான். நாளை யார் எந்தப் படகு என்று தெரிந்துவைத்திருந்த ஆள்களுக்குத்தான் அது சரிப்படவில்லை. பழைய நாளிலிருந்து நகரும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அபராதப் புள்ளி வைத்து மூன்றாம் முறை ஓட்டிய பிறகு, மூன்று படகுகளின் நாள்கள் மட்டும் மாறின. அந்தத் தாள்தான் ஜூன் வரை வின்ச் கொட்டகைச் சுவரில் இருந்தது.