சொரசொரத் தோலுக்கு எது: யூரியாவா, ஸ்டீராய்டா, டாக்ரோலிமஸா?

இரண்டு பேருக்கு ஒரே புகார்: மேற்கையைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கிறது. இருவரும் யூரியா கலந்த ஒரே க்ரீமைப் பூசுகிறார்கள். ஒருவருக்குச் சில வாரங்களில் தோல் வழவழப்பாகிவிடுகிறது. மற்றவருக்குப் பூசிய கையோடு எரிச்சல், ராத்திரி முழுக்க அரிப்பு. க்ரீம்மேல் குற்றமில்லை. முதலாமவருக்கு இருந்தது கெரட்டோசிஸ் பைலாரிஸ். இரண்டாமவருக்கு மயிர்க்கால்களைச் சுற்றிப் பொரிப்பொரியாக வந்த எக்ஸிமா என்ற தோல் அழற்சி.

அதனால் எந்த மருந்து உசத்தி என்ற பட்டிமன்றத்துக்கு முன்னால் ஒரு கேள்வி: அரிக்கிறதா? எக்ஸிமா என்றால் அரிப்பு இருந்தே ஆகவேண்டும். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்மடிப்பு, கழுத்து, மணிக்கட்டு ஆகியவை அதன் வழக்கமான இடங்கள். வரும், அடங்கும், மறுபடி வரும். கெரட்டோசிஸ் பைலாரிஸ் அப்படியில்லை. மயிர்க்காலின் வாயைக் கெரட்டின் என்ற தோல் புரதம் அடைத்துக்கொள்வதால் வரும் குருணைகள் அவை. மேற்கையின் வெளிப்புறம், தொடை, குழந்தைகளுக்குக் கன்னம் என்று பரவியிருக்கும். அரிப்பு அநேகமாக இருக்காது.

கறுத்த, மாநிறத் தோலில் இந்த வேறுபாடு இன்னும் மங்கலாகிவிடும். பாடநூல் சொல்லும் சிவப்பு நம் தோலில் பழுப்பாகவோ சாம்பலாகவோ ஊதா சாயலிலோதான் தெரியும். எக்ஸிமா தட்டையாகப் படராமல் பொரிகளாக வருவதும் இந்த நிறத் தோலில் அதிகம். போதாக்குறைக்கு இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். தோலின் மேலடுக்கைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் கோளாறு எக்ஸிமாவுக்கு வழிவிடுகிறது என்று 2006இல் தெரியவந்தது. அதே கோளாறு உள்ளவர்களிடம் கெரட்டோசிஸ் பைலாரிஸும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆக, கை ஒன்று, பிரச்சினை இரண்டு, பூச்சும் இரண்டு என்று ஆகிவிடுவதுண்டு.

வட்டமாகப் படர்ந்து ஓரம் மட்டும் தடித்திருந்தால் இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் படர்தாமரையைச் சந்தேகப்படுங்கள். அது பூஞ்சை. அதன்மேல் ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை தழைக்கும், அடையாளமும் மாறிப்போகும்.

களிம்பா, க்ரீமா, லோஷனா?

மாய்ஸ்சரைசர் விஷயத்தில்தான் சண்டை பெரிது, வித்தியாசம் சிறிது. பிரிட்டனில் 550 எக்ஸிமாக் குழந்தைகளை லோஷன், க்ரீம், ஜெல், களிம்பு என்று நான்கு அணியாகப் பிரித்துச் சோதித்த ஆய்வு 2022இல் வெளியானது. நோயைக் கட்டுப்படுத்துவதில் எந்த அணியும் மற்றதை முந்தவில்லை. பிசுபிசுப்பு பிடிக்கிறதா இல்லையா என்பதில்தான் கருத்துகள் பிரிந்தன. ஆகவே தினமும் முகம் சுளிக்காமல் பூச முடிவது எதுவோ அதுவே நல்லது. விலையும் லேபிளும் அடுத்த கதை.

ஆனாலும் சில நடைமுறைக் கணக்குகள் உண்டு. களிம்பில் தண்ணீர் இல்லாததால் பதப்படுத்தும் ரசாயனங்களுக்கு அதிக வேலையில்லை. வெடித்த தோலில் அது எரிவது குறைவு. லோஷன் முடி அடர்ந்த இடத்தில் எளிதாகப் பரவும், புண்பட்ட இடத்தில் சுரீரென்றும் இருக்கும். பகலில் க்ரீம், இரவில் களிம்பு என்று பிரித்துக்கொள்வதே என் ஓட்டு. அளவில் கஞ்சத்தனம் கூடாது. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி குழந்தைகளுக்கே வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை என்கிறது. விரல்நுனியில் தொட்டு வைக்கும் பழக்கத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! ஒரு எச்சரிக்கை: களிம்பு ஊறிய துணி தீப்பற்றினால் மளமளவென்று எரியும். அடுப்பு, விளக்கு, சிகரெட் பக்கம் கவனம். ஆலிவ் எண்ணெய் இயற்கையானது என்று பூசுவோரும் இருக்கிறார்கள். அது தோலின் தடுப்பைப் பலவீனப்படுத்துவதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நான் அதைத் தவிர்ப்பேன்.

குளியல் நீரில் கலக்கும் எண்ணெய், பட்டு உள்ளாடை, வீட்டுத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி ஆகிய மூன்றும் எக்ஸிமாக் குழந்தைகளிடம் தனித்தனியாகச் சோதிக்கப்பட்டன. வழக்கமான சிகிச்சைக்கு மேல் சொல்லிக்கொள்ளும்படியான பலன் எதிலும் கிடைக்கவில்லை. அந்தப் பணத்தைப் பெரிய டப்பா க்ரீமுக்குச் செலவிடலாம்.

ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும்

மாய்ஸ்சரைசர் தடுப்பைச் சீர்செய்யும். மூண்டுவிட்ட அழற்சியை அது மட்டும் அணைக்காது. அங்கேதான் இந்த இருவரும் களத்துக்கு வருகிறார்கள்.

தோலில் பூசும் ஸ்டீராய்டு 1952 முதல் புழக்கத்தில் இருக்கிறது. வேகத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் ஸ்டீராய்டு என்ற ஒரே பெயரில் பூனையையும் புலியையும் சேர்த்துக் கூப்பிடுகிறோம். ஹைட்ரோகார்ட்டிசோன் 1% சாது. மொமெட்டசோன் 0.1% வலியது. க்ளோபெட்டசால் 0.05% உச்சம். உள்ளங்கைத் தோலுக்குச் சரியான ஒன்று இமைக்குப் பேராபத்து. வலியதை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், வரிவரியாகக் கோடு விழும், ரத்தக்குழாய்கள் தெரியும். முகத்தில் நெடுநாள் பூசிவிட்டுத் திடீரென்று நிறுத்தும்போது எரிச்சலோடு கொழுந்துவிட்டுச் சிவப்பதும் உண்டு.

இந்தப் பயத்தில் பலர் எதிர்த்திசையில் போய்விடுகிறார்கள். துளியாகப் பூசி, ரெண்டே நாளில் நிறுத்தி, திரும்ப வந்ததும் மருந்து கேட்கவில்லை என்பார்கள். சரியான அளவுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்கு அது போதும். மருத்துவர் சொன்ன நாள்வரை, தோல் வழவழப்பாகும்வரை பூசவேண்டும்.

டாக்ரோலிமஸ் களிம்புக்கு அமெரிக்காவில் 2000இல் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே பைமெக்ரோலிமஸ் வந்தது. இவை ஸ்டீராய்டு அல்ல, தோலின் நோயெதிர்ப்புக் கொதிப்பைத் தணிக்கும் மருந்துகள்; தோலை மெலியச் செய்யாது. இமை, கழுத்து, அக்குள், இடுக்கு ஆகிய இடங்களில் ஸ்டீராய்டைவிட இதற்கே என் கை போகும். குறை என்ன? முதல் சில நாள் எரியும், சிலருக்கு நன்றாகவே எரியும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி ட்யூபைத் தூக்கிப் போட்டுவிடுவார். புற்றுநோய் வரலாம் என்ற கட்டமிட்ட எச்சரிக்கையும் அமெரிக்காவில் இதன் பெட்டியில் உண்டு. அந்தச் சந்தேகத்தின் வேர் விலங்குச் சோதனைகளிலும், உறுப்பு மாற்றியவர்கள் இதே மருந்தை மாத்திரையாக உட்கொண்ட அனுபவத்திலும் இருக்கிறது. பூசுபவர்களிடம் நடந்த நீண்டகாலக் கண்காணிப்பு பெரும்பாலும் ஆறுதலாகவே இருக்கிறது.

சண்டையை மூட்டிவிடுவதைவிட வேலையைப் பிரித்துக் கொடுப்பது மேல். கொதிப்பை அணைக்க ஸ்டீராய்டு. அடங்கியபின், அடிக்கடி திரும்பி வரும் இடத்தில் வாரத்துக்கு இரண்டு முறை டாக்ரோலிமஸோ அதே ஸ்டீராய்டோ. தோல் நன்றாக இருக்கும்போதும் பூசுவதா என்று கேட்பார்கள். ஆமாம், விடாப்பிடியான எக்ஸிமாவில் அடுத்த கிளர்ச்சியைத் தள்ளிப்போடுவது இந்த முறைதான்.

அரிக்காத குருணைகளுக்கு

இங்கே ஸ்டீராய்டு வீண். அழற்சி பிரதானமில்லை, அடைப்புதான் பிரச்சினை. யூரியா, லாக்டிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் மூன்றும் போட்டியாளர்கள். யூரியாவில் சதவீதம்தான் எல்லாமே: 10% வரை ஈரத்தைப் பிடித்துவைக்கும், 20% போன்ற அளவில் கெரட்டினைக் கரைக்கத் தொடங்கும், 40% பித்தவெடிப்புக்கும் நகத்துக்குமானது. லாக்டிக் அமிலம் 10%, சாலிசிலிக் அமிலம் 5% இரண்டையும் மூன்று மாதம் ஒப்பிட்ட ஒரு சிறு ஆய்வில் குருணைகள் முறையே 66%, 52% குறைந்தன. ஒரே ஆய்வை நம்பி மகுடம் சூட்ட முடியாது. இருந்தாலும் ஈரமும் தரும் லாக்டிக் அமிலத்தையோ யூரியாவையோ முதலில் எடுப்பேன். சாலிசிலிக் வறட்டும். சிறு குழந்தைக்கு உடம்பெங்கும் பூசினால் ரத்தத்திலும் கலக்கும்.

நார் போட்டுத் தேய்ப்பது நான்காவது போட்டியாளர், தோற்கவேண்டியவர். மயிர்க்கால் இன்னும் சிவந்து கறுத்த புள்ளி மிஞ்சும். எதுவும் செய்யாமலிருப்பது ஐந்தாவது. சிரிக்காதீர்கள், இது மதிப்பான போட்டியாளர். பதின்வயதில் உச்சமாக இருந்து வயதோடு பலருக்குத் தானே குறையும் விஷயம் இது. பூச்சை நிறுத்தினால் குருணை திரும்பிவிடும். உறுத்தாவிட்டால் விட்டுவிடலாம். எக்ஸிமாவில் இந்த வாய்ப்பு கிடையாது. அரிப்பு சொறிதலை வளர்க்கும், சொறிதல் தோலைத் தடிக்கச் செய்து அரிப்பை வளர்க்கும்.

இருவகையும் உள்ளவர் அமிலத்தை எக்ஸிமா மடிப்புகளிலிருந்து தள்ளியே வைக்கவேண்டும். மேற்கையில் பூசிய கையைக் கழுவிவிட்டு முழங்கை மடிப்புக்குப் போங்கள்.

பூச்சு தோற்றால்

எக்ஸிமா பூச்சுக்கு அடங்காவிட்டால், தோலில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சும் ஒளிச் சிகிச்சை ஒரு வழி, அடிக்கடி மருத்துவமனைக்குப் போக நேரம் வேண்டும். 2017இல் வந்த டூபிலுமாப் பெரியவர்களுக்கு வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. கண் சிவந்து அழல்வது அதன் தனித் தொல்லை. உபாடசிடினிப் மாத்திரை வேகமானது. நேருக்கு நேர் நடந்த ஆய்வில் 16 வாரத்தில் நோய் முக்கால்வாசி குறைந்தவர்கள் மாத்திரையில் 71%, ஊசியில் 61%. ஆனால் அது சேர்ந்த ஜாக் தடுப்பான் குடும்ப மாத்திரைகளுக்குத் தொற்று, ரத்தக்கட்டு, இதய நோய் பற்றிய கடும் எச்சரிக்கையும், தொடர் ரத்தப் பரிசோதனையும் உண்டு. ஊசிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மற்ற நோய்கள் உள்ளவருக்கும் வயதானவருக்கும் பத்து சதவீத முந்துதலைவிட அந்த நிம்மதி பெரிது என்பேன்.

எக்ஸிமா உள்ள இடத்தில் திடீரென்று ஒரே அளவிலான கொப்புளங்கள், துளை போட்ட மாதிரி புண்கள், வலி, காய்ச்சல் என்று வந்தால் அது ஹெர்பெஸ் வைரஸாக இருக்கலாம். எந்தக் களிம்பு என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் அந்த மணிநேரமே.